சிரிக்கும் முகம் மூன்று

அத்தியாயம் பதினேழு

மடிக்கணினிக்கு மல்லிகை மாலை போட்டதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கிளிநொச்சியில் அன்று போட்டார்கள். சந்தனமும் வைத்தார்கள். குங்குமம் வைக்கப் போன ஒருவரைத்தான் தேனுகா ஓடிப்போய்த் தடுத்தாள்.

அதற்குப் போகுமுன், போன கிழமை விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனுகாவைப் பணிப்பாளர் விஜிதரனின் மேசைக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு நிற்கிற நிலையில் விட்டு வந்தோம். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தேனுகா இணையத்தளம் செய்கிறவள். வவுனியாவில் கணினி படித்துவிட்டு, கொழும்புக்கு ஓடாமல், அக்கராயன் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கடைகளுக்கும் கோயில்களுக்கும் தளம் செய்து கொடுத்து வந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது.

ஓர் அரச அலுவலகம் தன்னுடைய செயற்பாட்டைப் பற்றி மக்கள் வெளிப்படையாகப் பேசுவதற்கு ஒரு தளம் வேண்டுமென்று கேட்டது. அலுவலகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்கள் ஊர் அலுவலகத்தின் பெயரைப் போட்டு வாசித்தாலும் கதை கெடாது. வெளிநாட்டுக்காரர் கொடுத்த திட்டம். தளத்துக்கு ‘மக்கள் முற்றம்’ என்று பெயர்.

தேனுகா முதலில் ஐந்து முகங்கள் போட்டாள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். ஒரு வேலை எப்படி நடந்தது என்று மக்கள் ஒரு முகத்தை அழுத்திச் சொல்லலாம். பணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, அழுகிற முகம் அபசகுனமாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் உம்மென்ற முகத்தையும் எடுக்கச் சொன்னார். அதற்கடுத்த நாள், சிரிக்காமலும் அழாமலும் சும்மா பார்க்கிற முகம் தன்னையே முறைப்பதுபோல இருக்கிறது என்று சொல்லி அதையும் எடுப்பித்தார். மிச்சம் இரண்டுதான் என்றதும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். இப்போது தளத்தில் இருப்பவை சிரிப்பு, பெரிய சிரிப்பு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. நன்று, மிக நன்று, மிகமிக நன்று. மக்கள் இதில் எதையும் சுதந்திரமாகத் தெரிவு செய்யலாம்.

அதோடு விட்டாரா? தளம் ஏற்றுக்கொள்ளக் கூடாத சொற்கள் என்று சிலவற்றைச் சொன்னார். லஞ்சம், ஊழல், பொய் எல்லாம் அதில் இருந்தன, அது சரி. ‘உடைந்தது’ இருந்தது, ‘இடிந்தது’ இருந்தது. ‘ஏன்’, ‘எப்போது’ என்ற இரண்டும்கூட இருந்தன. மக்கள் கேள்வி கேட்பதற்காகச் செய்த தளத்தில் ‘ஏன்’ என்று எழுத முடியாது. எழுதினால், ‘தங்கள் கருத்து கண்ணியமாக இல்லை, நன்றி’ என்று பதில் வரும். சிரித்த முகத்தோடு வரும்.

இதையெல்லாம் தன் கையாலேயே செய்து கொடுத்துவிட்டுத்தான் தேனுகா வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள்மீது எனக்கும் கோபம்தான். ஆனால் அவளுடைய அண்ணன் செந்தூரன் அதே அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தன். பல வருடமாகப் பதில் கடமையில் இழுபடுகிறவன். தளம் நல்லபடி திறந்துவிட்டால் பதவியை நிரந்தரமாக்கும் கடிதம் கிடைக்குமென்று பணிப்பாளர் சொல்லி வைத்திருக்கிறார். பட்டதாரி வேலை கிடைக்கிறவரை கூலிக்கு உழவு மெசின் ஓடித் தங்கையைப் படிப்பித்தவன் செந்தூரன். அவனுக்காக அவள் மூன்று முகத்தையும் போட்டாள்.

இனி அம்மா. கமலாசனியின் வயல் மூன்றாம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. வாய்க்கால் வீதியைக் கடக்கிற இடத்தில் இருந்த மதகு, போன மாரி வெள்ளத்தில் இடிந்து வாய்க்காலுக்குள்ளேயே படுத்துவிட்டது. அதைக் கட்டாமல் குளத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. வெள்ளிக்கிழமை சிறுபோகக் கூட்டம். எந்த வயலுக்குத் தண்ணீர், எந்த வயலுக்கு இல்லை என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். மதகு கட்டப்படும் என்று அதற்கு முன்னால் யாராவது உறுதி சொல்லாவிட்டால் கடைசிப் பக்கத்து வயல்களை இந்தப் போகத்திலிருந்து வெட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்துச் சனம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இதை மக்கள் முற்றத்தில் எழுதத்தான் கமலாசனி பார்த்தார். தளத்தைச் சோதித்துப் பார்த்த கிழமையில், ‘மதகை எப்போது கட்டுவீர்கள்’ என்று கேட்டார். கண்ணியமாக இல்லை என்று தளம் சொல்லிவிட்டது. ‘மதகு வெள்ளத்தில் இடிந்தது’ என்று எழுதினார். அதுவும் கண்ணியமில்லை. கடைசியில் சலித்துப்போய், ‘ஐயா, மதகு’ என்று மட்டும் எழுதினார். ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து மகளோடு அவருக்குக் கதைபேச்சு குறைவு.

திறப்பு விழா அன்று காலை தேனுகா சேலை கட்டி, ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது கமலாசனி குசினி வாசலில் தேத்தண்ணியோடு இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய விடியற்காலை வழக்கம். மரண அறிவித்தல்கள் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. கனடாவில் யார், லண்டனில் யார், இந்தப் பக்கத்தில் யார், அவர் யாருடைய மைத்துனர், யாருடைய சம்பந்தி என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அடுப்பில் உலை வைப்பார். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இணையம் என்பதே அதற்காகத்தான் வந்தது.

“உன்ர முற்றத்தில நானும் ஒண்டு போட்டிருக்கிறன்,” என்றார் தலையை நிமிர்த்தாமல்.

தேனுகா ஸ்கூட்டியை நிறுத்தினாள். தளம் விட்டதா என்று கேட்டாள்.

“விட்டது. விடாமல் என்ன? மரியாதையாத்தான் எழுதினனான்.”

அவளுக்கு நேரமாகிவிட்டது. மாலை போடுவதற்கு மடிக்கணினி அவளிடம்தான் இருந்தது. அவள் போய்விட்டாள்.

மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாழைமரம், நிறைகுடம், குத்துவிளக்கு. வெளிநாட்டுக்காரர் சார்பில் கொழும்பிலிருந்து பிரேமிளா என்ற திட்ட அதிகாரி வந்திருந்தார். மக்கள் முற்றம் என்றால் மக்களும் வேண்டுமே, அவர்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றி வந்து பின்வரிசைகளில் இருத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு ரோல்சும் ஒரு பிளேன்டீயும். அக்கராயன் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் நல்லதம்பி, ரோல்சைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இனி என்ன நடக்கப் போகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பணிப்பாளர் பேசினார். வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று எண்ணுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. மக்கள்தான் எசமானர்கள் என்றார். எசமானர்கள் மின்விசிறி இல்லாத பக்கத்தில் இருந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். தான் விமர்சனத்துக்குப் பயந்தவன் அல்ல, விமர்சனத்தை வரவேற்கிறவன் என்றார். மேல்மாடியில் அவருடைய அலுவலகப் பெடியளும் பெட்டைகளும் வரிசையாக இருந்து, ஆளுக்கு மூன்று பெயரில், ‘மிகமிக நன்று’ என்று அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். எழுதி வைத்த பேச்சில் அது இல்லை. கைதட்டல் தலைக்கேறி, இந்தக் கணத்தில் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை எல்லோரும் பார்க்கட்டும், மேலே நிற்கிற கருத்தைத் திரையில் போடும்படி தேனுகாவிடம் சொன்னார்.

கருத்துகளில், அதிகம் பேர் பார்த்ததைத் தளம் தானாகவே மேலே கொண்டுவரும். தேனுகா பக்கத்தைத் திறந்தாள். மேலே நின்றது இதுதான்:

‘மரண அறிவித்தல். அக்கராயனைப் பிறப்பிடமாகவும், மூன்றாம் வாய்க்கால் வீதியை வதிவிடமாகவும் கொண்டவரும்...’

அதற்குக் கீழே ‘மேலும் வாசிக்க’ என்றிருந்தது.

இதை யார் அனுமதித்தது என்று நீங்கள் கேட்கலாம். செந்தூரன்தான், சொற்சோதனையைத் தாண்டி வருகிற கருத்துகளை அனுமதிக்கிற வேலை அவனுடையது. விடியற்காலை மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போனில் பார்த்தான். மரண அறிவித்தலை யார் மறிப்பார்கள்? எங்கள் ஊரில் எதிரி வீட்டுச் சாவுச் செய்தியைக்கூட வாங்கிப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. செந்தூரனும் அனுமதியை அழுத்திவிட்டான். மிச்சத்தை வாசிக்கவில்லை. வாசித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தால் செத்த வீட்டுக்குப் போக வேண்டி வரும். அன்றைக்கு அவனுக்கு அதற்கு நேரமில்லை.

பணிப்பாளருக்கும் அதே பழக்கம்தான். அவருக்கு அதில் ஒரு சந்தர்ப்பமும் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். நமது மக்கள் தங்கள் துக்கத்தைக்கூட நம்மோடு பகிர்ந்துகொள்கிறார்கள், அந்த அளவுக்கு இந்த முற்றத்தை நம்புகிறார்கள் என்றார். மறைந்த அந்தப் பெரியவருக்காக எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்.

எல்லோரும் எழுந்தார்கள். கொழும்பு பிரேமிளாவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார். தேனுகாவும் நின்றாள். நின்றபடியே திரையைப் பார்த்தாள். ‘மரியாதையாத்தான் எழுதினனான்’ என்று அம்மா சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் குனிந்து ‘மேலும் வாசிக்க’ என்பதை அழுத்தினாள்.

‘...வெயிலிலும் மழையிலும் ஊரை முதுகில் சுமந்தவருமாகிய திருவாளர் மதகு அவர்கள் கடந்த மாரி வெள்ளத்தன்று இறைபதம் எய்தினார்.

‘அன்னார், காலஞ்சென்ற சீமெந்து, கம்பி தம்பதியரின் கனிஷ்ட புத்திரரும், மூன்றாம் வாய்க்காலின் அன்புக் கணவரும், கடைசிப் பக்கத்து வயல்களின் பாசமிகு தந்தையும், அரைவாசியில் நிற்கும் பாடசாலைப் பாலத்தின் மூத்த சகோதரரும் ஆவார்.

‘அன்னாரின் பூதவுடல் வாய்க்காலுக்குள் இன்றுவரை மக்கள் பார்வைக்காக வைக்கப்பட்டுள்ளது. ஈமக்கிரியைகள் எதிர்வரும் வெள்ளிக்கிழமை சிறுபோகக் கூட்டத்தில் நடைபெறும்.

‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், உத்தியோகத்தர் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகவல்: குடும்பத்தினர்.’

அதன் கீழ் ஒரு தொலைபேசி இலக்கம்.

யாரும் கதிரையில் இருக்க முடியாது, யாரும் பேச முடியாது. மௌன அஞ்சலி அல்லவா? பணிப்பாளர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றார். மண்டபம் முழுவதும் நின்று வாசித்தது. நல்லதம்பி துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். பின்வரிசைத் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பணிப்பாளர் ஒரு கண்ணை மெல்லத் திறந்து பார்த்துவிட்டு, சனம் விம்முகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

அப்போது செந்தூரனின் போன் அடித்தது. அவன் பதறி எடுத்தான். காதோடு ஒட்டிப் பேசினாலும் மறுமுனையில் இருந்தவரின் குரல் நாலு வரிசைக்குக் கேட்டது. கனடாவிலிருந்து யாரோ அக்கராயன்காரர். துக்கம் விசாரித்தார்.

திரையில் இருந்தது செந்தூரனின் இலக்கம். கமலாசனிக்குப் பாடமாகத் தெரிந்த இலக்கம் அது ஒன்றுதான். கேட்கிறவர்களுக்கு அலுவலகத்தில் இருக்கிற ஒருவர் பதில் சொல்லட்டுமே என்று நல்ல மனதோடுதான் போட்டிருந்தார்.

பணிப்பாளர் கடைசியில் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய அறைக்குள் என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம். பிரேமிளா கதிரையில் இருந்தார், சிரிக்கவில்லை. மதகு உண்மையாகவே விழுந்து கிடக்கிறதா என்று மட்டும் கேட்டார். பணிப்பாளர் உடனே மக்கள் முற்றத்திலேயே ‘முடிவுற்ற திட்டங்கள்’ என்ற பகுதியைத் திறந்து காட்டினார். அக்கராயன், மூன்றாம் வாய்க்கால் வீதி மதகு. பூர்த்தி நூறு வீதம். கூடவே ஒரு படம். வெள்ளை அடித்துப் பளிச்சென்று ஒரு மதகு. யாரோ விசமி செய்த வேலை, அலுவலகத்தைக் கேவலப்படுத்தத் திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்றார்.

பிரேமிளா படத்தைப் பார்த்தார். நல்லது, நாளைக் காலை கொழும்புக்குத் திரும்புமுன் அந்த மதகைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன், அறிக்கைக்கு ஒரு படமும் வேண்டும் என்றார். பணிப்பாளர் தாராளமாகப் போகலாம் என்று சொல்லி, அவரைச் சாப்பாட்டுக்கு அனுப்பி வைத்தார். கதவு மூடியதும் அவருடைய முகம் மாறியது.

“தங்கச்சி, உடன அதை எடும்,” என்றார் தேனுகாவிடம்.

வெளிநாட்டுக்காரர் போட்ட நிபந்தனைகளில் உருப்படியான ஒன்று இருந்தது. ஒருவருடைய கருத்தை நீக்கினால், நீக்கிய காரணத்தை அதே இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும்.

“எடுக்கலாம் சேர். காரணம் எழுத வேணும். என்ன எழுத? செத்தவர் சாகேல்லை எண்டு எழுதவோ?”

பணிப்பாளர் திரையில் இருந்த நூறு வீதத்தை விரலால் குத்திக் காட்டினார். தேனுகா அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். வெள்ளை மதகுக்குப் பின்னால் ஒரு தேத்தண்ணிக் கடை தெரிந்தது. மூன்றாம் வாய்க்கால் வீதியில் கடை என்று ஒன்று அவள் பிறந்த நாளிலிருந்து இல்லை. அங்கே இருப்பது இரண்டு பக்கமும் வயல்.

தளத்தைச் செய்தவளுக்கு மட்டும் தெரிகிற ஒரு மூலை உண்டு. ஒவ்வொரு பதிவையும் யார் ஏற்றியது என்று அங்கே இருக்கும். அவள் பார்த்தாள். செந்தூரன் என்றிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று மடிக்கணினியை மாலையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் செந்தூரன் லண்டன்காரர் ஒருவரிடம், இல்லை அண்ணை, ஆள் இல்லை, மதகு என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். தேனுகாவைக் கண்டதும் போனை வைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

“வருச முடிவுக் கணக்குக்கு,” என்றான். “எல்லாத்தையும் முடிஞ்சதெண்டு ஏத்தச் சொன்னவர். பிறகு ஆறுதலாக் கட்டுவம் எண்டவர்.”

“முடிஞ்ச மதகை இனி ஆர் அண்ணா கட்டுவினம்?”

எல்லோரும்தான் அப்படி ஏற்றினார்கள் என்றான். படம் வேண்டுமென்று நின்றார்களாம். விசுவமடுவுக்கு வேறு வேலையாகப் போன இடத்தில் ஒரு மதகைக் கண்டு எடுத்துப் போட்டானாம். மதகென்றால் எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும் என்றும் சொன்னான். இதைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

தேனுகாவுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு அவன்மேலா, தன்மேலா என்று அவளுக்குத் தெரியவில்லை. உழவு மெசின் ஓடி, புழுதி அப்பிய முகத்தோடு வவுனியா பஸ்ஸில் தன்னை ஏற்றிவிட வந்தவன் இவன். இந்த மனிதன் ஒரு கடிதத்துக்காகத் தாயின் வயலுக்கு வருகிற தண்ணீரை மூடியிருக்கிறான். அதை மறைப்பதற்குச் சிரிக்கிற முகங்களைச் செய்து கொடுத்தது அவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த விஜிதரனுக்கு என்ன அருமையான ஆட்களாக வாய்த்தோம் என்று நினைத்தாள்.

“எடுத்துவிடு தேனு,” என்று கெஞ்சினான் செந்தூரன். “அம்மாக்குத் தெரிய வேண்டாம். கடிதம் கையில வரட்டும். நானே திருத்தி விடுறன்.”

“வெள்ளிக்கிழமைக்கு முன்னம் கடிதம் வருமோ?”

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறப் போனான்.

“பொழுதுபட முன்னம் அம்மாவிட்ட நீயே சொல்லு,” என்றாள். “சொன்னாப் பிறகும் அம்மா எடுக்கச் சொன்னால் எடுக்கிறன். அதுவரைக்கும் நான் அதைத் தொடமாட்டன்.”

அன்று பின்னேரம் கமலாசனி முற்றத்தில் சுளகோடு இருந்து விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வருமா என்று தெரியாத வயலுக்கு விதைநெல். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. பகல் முழுவதும் ஊர்ச்சனம் வந்து போயிருந்தது. மதகடிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். செத்த வீட்டுக்கு வருகிறவர்கள்போல வெறுங்கையோடு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து, பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டுப் போனார்களாம். நல்லதம்பி வந்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை அப்படியே வாசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இதையெல்லாம் அவர் தேனுகாவுக்குச் சொன்னார். கிழமைக் கணக்கில் பேசாதிருந்ததை மறந்தே போனார்.

“உங்கட பணிப்பாளர் எழும்பி நிண்டவராமே?”

“ஓம் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர்.”

கமலாசனி வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியாக அவர் அப்படிச் சிரித்தது எப்போதென்று தேனுகாவுக்கு ஞாபகம் இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு அழுகைதான் வந்தது.

செந்தூரன் வந்தான். மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் விட்டுவிட்டு, ஒரு கதிரையை இழுத்துத் தாய்க்கு முன்னால் போட்டு இருந்தான். தாய் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். சுளகில் இருந்த நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான். தேனுகா குசினி வாசலில் நின்றாள். சொல்லட்டும், சொல்லிவிட்டால் போதும் என்று மனதுக்குள் மன்றாடினாள்.

“அம்மா, அந்த மதகு...” என்று தொடங்கினான்.

போன் அடித்தது. பணிப்பாளர். பகல் முழுவதும் துக்கம் விசாரித்தவர்களோடு பேசிப் பேசி அவனுடைய போன் சூடேறி, காதில் வைத்தால் ஒன்றும் கேட்காத நிலைக்கு வந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. எழுந்து அப்பால் போகலாமென்று பார்த்தான். அதற்குள் பணிப்பாளர் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

“ஐசே செந்தூரன், நாளைக்குக் காலமை அந்த மனுசியை நீர்தான் கூட்டிக்கொண்டு போறீர். அக்கராயன் பக்கம் போக வேண்டாம். நேர விசுவமடுவுக்கு விடும். நீர் படம் எடுத்துப் போட்ட மதகிருக்கெல்லே, அதைக் காட்டும்.”

செந்தூரன் தாயைப் பார்த்தான். சுளகு நின்றுவிட்டது.

“சேர், அது முல்லைத்தீவு மாவட்டமெல்லே...”

“கொழும்பு ஆளுக்கு எல்லாம் ஒரே பக்கம்தான். அக்கராயன் மதகெண்டு ஒரு பலகை எழுதி இரவைக்கு நடச் சொல்லியிருக்கிறன். அதை அக்கராயன் எண்டு ஏத்தினது நீர், என்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை, அதை ஞாபகம் வைச்சுக்கொள்ளும். உம்மட கடிதம் என்ர மேசையிலதான் கிடக்கு. விளங்குதோ?”

முற்றத்தில் கோழி ஒன்று சிந்திய நெல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைத் துரத்தவில்லை. செந்தூரன் சொல்லப் போகிற சொல்லுக்காகத் தாயும் தங்கையும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓம் சேர்,” என்றான்.

தேனுகா கண்ணை மூடிக்கொண்டாள். கமலாசனிக்கு அழுகை வரவில்லை. வெள்ளமும் அரசாங்கமும் செய்ததையெல்லாம் அவர் ஏசித் தீர்த்திருக்கிறார், ஏசுவதற்கு ஒரு பணிப்பாளர் இருந்தார், ஒரு அலுவலகம் இருந்தது. பெற்ற பிள்ளையை ஏசுவதற்கு அவரிடம் ஒரு சொல்லும் இல்லாமல் போய்விட்டது. சுளகைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, மகனின் கையில் இருந்த போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“தம்பி, நாளைக்கு வாகனத்தில எனக்கும் ஒரு இடம் வை,” என்றார் மகனிடம், மறுமுனைக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி. “என்ர வயலுக்குத் தண்ணி விடுற மதகு விசுவமடுவில கிடக்கெண்டு இவ்வளவு காலமும் எனக்கு ஆரும் சொல்லேல்லை. நானும் ஒருக்காப் பாக்க வேணும்.”

செந்தூரன் போனை நிறுத்த விரலைக் கொண்டுபோனான். தேனுகா வந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் பணிப்பாளர் இன்னும் இருந்தார். அவர் மூச்சு விடுவது முற்றம் முழுவதற்கும் கேட்டது.